அம்மா வீட்டில் இருக்கும் நாட்கள்

உள்ளறையில் தடாலென்று ஏதோ விழுந்தது. பின்னாலேயே எவர்சில்வர் சொம்பு உருண்டு ஓடும் சத்தம். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் அவள் ஈரக்கையோடு ஓடினாள்.

கட்டிலில் மகள் இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றி, தோள்களைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது அதைவிடப் பெரிய விசில். மாமனார் முந்திக்கொண்டு வந்து நின்றிருந்தார். கையில் இழுப்புக்கு அடிக்கும் பம்ப் இருந்தது. கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"குடுங்க மாமா!"

"இரும்மா. எப்ப ஆரம்பிச்சதுன்னு பார்த்துக்கறேன். அப்புறம் குறிக்கும்போது குத்துமதிப்பா ஆயிடும்."

அவள் பம்பைப் பிடுங்கி மகளின் வாயில் வைத்து அழுத்தினாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். விசில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பேச்சு வந்ததும் அந்த எட்டு வயசு வாயிலிருந்து விழுந்த முதல் வார்த்தை, "சொம்பு நெளிஞ்சிடுச்சாம்மா?" என்பதுதான். அடுத்ததாக, கனவில் வந்த ஒட்டகத்தின் கதை தொடங்கியது. சும்மாவா அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தார்கள்? இழுப்பு வந்தால்தான் அந்த ரேடியோ நிற்கும்.

"இன்னைக்கு நீ ஆபீஸ் போகல இல்ல?" என்றார் மாமனார்.

"போகல மாமா. ராத்திரியே லேசா இழுத்துச்சு. அதான் வீட்டுல இருந்தே வேலை பார்க்கறேன்னு சொல்லிட்டேன்."

"அதானே பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

அந்த 'அதானே பார்த்தேன்' அவளுக்கு அன்று சாயங்காலம்தான் விளங்கியது.

மாமனார் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஆதாரம்'. 'மழை வரும் போலிருக்கு சார்' என்று யாராவது சொன்னால்கூட, 'ஆதாரம்?' என்று கேட்பாராம். ஓய்வு பெற்ற பிறகு வகுப்பு போய்விட்டது, வாத்தியார் போகவில்லை. தெருமுனைக் கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறாரா என்று மாதக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். ஏமாற்றவில்லை என்று தெரிந்தது. அதை அவரிடமே போய்ச் சொல்லி, ஒரு நல்ல மனுஷனை ஜென்ம விரோதியாக்கிக்கொண்டு திரும்பினார். அப்புறம் கைக்கு வாகாகக் கிடைத்தது பேத்தியின் மூச்சு.

சாயங்காலம் கூடத்து மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். திரையின் ஒரு மூலையில் அவள் கணவன். தொலைதூரத்தில் பாலம் கட்டும் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு. இன்னொரு மூலையில் நாத்தனார். வறண்ட மலையூர் ஒன்றில் விடுதியோடு கூடிய பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. ரேடியோ தாத்தாவின் மடியில் கலர் பென்சில்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"ரிக்ரஷன்னா பெரிய பூதம் இல்ல," என்று மாமனார் ஆரம்பித்தார். "இதோ புள்ளிங்க சிதறிக் கிடக்கு பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு நாள். இதுக்கு நடுவுல, எல்லாப் புள்ளிக்கும் முடிஞ்ச மட்டும் கிட்டத்துல போற மாதிரி ஒரு கோடு போடணும். கோடு ஏறுதா, இறங்குதா, எவ்வளவு சாய்வுன்னு பார்க்கணும். அவ்வளவுதான்."

"சரிப்பா," என்றான் மகன்.

"குளிர், தூசி, மழை, பக்கத்து வீட்டுப் பூனை வந்த நாள், எல்லாத்தையும் உள்ள போட்டேன். மத்ததையெல்லாம் கட்டிப்போட்டுட்டு, ஒவ்வொண்ணோட தனிப் பங்கு என்னன்னு கேட்டேன். தூசிக்கு ஒண்ணும் இல்ல. பூனை அப்பாவி. குளிருக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனா இந்த வரியைப் பாருங்க."

திரையில் அந்த வரிக்கு நேராக மூன்று நட்சத்திரங்கள் இருந்தன. வரியின் பெயர்: அம்மா வீட்டில் இருக்கும் நாட்கள்.

"தற்செயலா இப்படி அமைய ஆயிரத்துல ஒரு பங்குகூட வாய்ப்பு இல்லைன்னா மூணு நட்சத்திரம் போடறது வழக்கம்," என்றார். "அம்மா வீட்டுல இருந்தா குழந்தைக்கு இழுப்பு அதிகம். நான் சொல்லல. எண் சொல்லுது."

அவளுக்குக் காது இரண்டும் சுட்டன.

"பாவம், அவளும் என்ன பண்ணுவா," என்றாள் நாத்தனார், பாவப்படாத குரலில். "சதா மூஞ்சியையே பார்த்துக்கிட்டு, பம்பைத் தூக்கிக்கிட்டு நின்னா எந்தப் புள்ளைக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். இங்க அனுப்புங்கப்பா. எங்க ஊர்க் காத்து காய்ஞ்ச காத்து. லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கறப்போ சேர்த்துடறேன். அம்மாகிட்ட வாரம் ஒரு தடவை போன்ல பேசிக்கட்டும்."

"அக்கா சொல்றதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்," என்றான் கணவன். அவன் எதையும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய விஷயம் என்று சொல்வதோடு சரி.

அவள் வாயைத் திறந்தாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"மாமா, நான் கூரியர் கம்பெனியில புகார்ப் பிரிவுல உக்காந்திருக்கேன். எனக்கு வர்ற போன் அத்தனையும் உடைஞ்ச பார்சலைப் பத்தித்தான். நான் போனை எடுக்கறதாலயா பார்சல் உடையுது? குழந்தைக்கு முடியலைன்னாதான் நான் வீட்டுல இருக்கேன். நான் இருக்கறதால முடியாம போகல."

மாமனாரின் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அவளைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அருமையான கேள்வி. முப்பது வருஷத்துல ஒரு பய கேட்டதில்ல. எது முன்னாடி, எது பின்னாடி? கோட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாதுதான். அப்ப ஒண்ணு பண்ணுவோம். எந்த நாள் வீட்டுல இருக்கணும்னு நீ முடிவு பண்ணாத. காசு முடிவு பண்ணட்டும். தினம் காலையில சுண்டிப் போடறேன். தலை விழுந்தா ஆபீஸ், பூ விழுந்தா வீடு. குழந்தை எப்படி இருந்தாலும் சரி. லீவு முடியறவரைக்கும் பார்ப்போம். கடைசியில ரெண்டு வகை நாளுக்கும் சராசரி எடுத்து டி-டெஸ்ட் போட்டா விஷயம் வெளிய வந்துடும்."

"அது என்ன டெஸ்ட்?"

"நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கறது. அது பொய்யின்னு எண் காட்டுற வரைக்கும் அதையே நம்பறது."

"அப்படித்தானே மாமா கல்யாணமான நாள்லேருந்து இருக்கீங்க?"

திரையில் கணவன் இருமினான். மாமனார் அதையும் ரசித்தார்.

"சரி, எந்த வித்தியாசமும் இல்லைன்னு வந்தா?" என்று கேட்டாள்.

"வித்தியாசமே இல்லைன்னா நீ இருந்து என்ன ஆகப்போகுது? அப்பவும் அனுப்பிடலாம். நீ வீட்டுல இருக்கிற நாள்ல இழுப்பு நிஜமாவே குறைவுன்னு நிரூபணமானா மட்டும் குழந்தை இங்கயே இருக்கட்டும். என்னடா சொல்ற?"

"சரிப்பா," என்றான் மகன்.

"அம்மா நாளுக்கு என்ன கலர் தாத்தா?" என்று மடியிலிருந்து கேட்டாள் ரேடியோ.

"சிவப்பு வெச்சுக்கோடா. ஆபீஸ் நாளுக்கு நீலம். புள்ளி வைக்கிற வேலை உன்னுது."

மறுநாளிலிருந்து காசு அந்த வீட்டை ஆண்டது.

ஆபீஸில் விஷயம் பரவ நேரம் ஆகவில்லை. பிரிவுத் தலைவி, "என்னம்மா, தலையா பூவான்னு பார்த்துட்டுதான் வேலைக்கே வர்றியாமே? சம்பள உயர்வையும் அப்படியே போட்டுப் பார்த்துடலாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். வேறு வழி?

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடிந்ததிலிருந்தே குழந்தைக்கு நெஞ்சு கர்ரென்றது. காசு தலை விழுந்தது. அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே இருமல் ஏறிக்கொண்டே போனது. அவள் திரும்பினாள். மாமனார் வழியை மறித்து நின்றார்.

"கிளம்பு. இப்ப நீ நின்னா இத்தனை நாள் பண்ணது வீண்."

"குழந்தைக்கு மூச்சு முட்டுது மாமா."

"நான் இருக்கேன், பம்ப் இருக்கு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இது நீலப் புள்ளி. உனக்குச் சாதகம்."

அவள் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் இறங்கியது. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இருந்தது. தெருமுனை தாண்டுவதற்குள், இன்று நல்லா இழுத்தால் நல்லதுதான் என்று ஒரு நினைப்பு தலைநீட்ட, அவள் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

ஆனால் நாளாக நாளாக அதிசயம் நடந்தது. அவள் வீட்டிலிருக்கும் நாட்களில் இழுப்பு குறைந்தது. அப்புறம் அநேகமாக நின்றே போனது. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் தாளின் அடியில், தரையில் சிந்திய கடுகு மாதிரி வரிசையாகக் கிடந்தன. நீலப் புள்ளிகள் மேலே மேலே போயின. அவள் ஆபீஸிலிருந்து திரும்பும் நாளெல்லாம் ரேடியோ வாசலிலேயே வந்து, "இன்னைக்கு ரெண்டு தடவைம்மா! தாத்தாவைக் கேளு!" என்று பரீட்சையில் மார்க் வாங்கின மாதிரி சொல்வாள்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாய் பக்கத்தில் இருந்தால் குழந்தைக்கு ஒன்றும் வராது. இதைத்தானே அவள் சொன்னாள்? இப்போது எண்ணே சொல்கிறது.

"என்ன மாமா, சிவப்பெல்லாம் எழுந்திருக்கவே மாட்டேங்குது?" என்று தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பாள். "கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாருங்க. எங்கயாவது ஒண்ணு மேல ஏறியிருக்கும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அவர் தலை குனியக் குனிய அவளுக்குப் பசி அடங்கியது. நாத்தனாருக்கு அவளே போன் போட்டாள். "உங்க காய்ஞ்ச காத்தை நீங்களே வெச்சுக்கங்க அண்ணி. எங்களுக்கு ஈரக் காத்தே போதும்."

வேறு சிலவற்றையும் அவள் பார்த்தாள். குழந்தையின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. வெயில் என்று நினைத்தாள். வீட்டிலிருக்கும் நாட்களில் ரேடியோ அதிகம் பேசுவதில்லை. வளர்கிறாள், அடக்கம் வருகிறது என்று நினைத்தாள். அடிக்கடி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கழித்து, சட்டை முன்பக்கம் நனைந்து, உதடு வெளுத்து வருவாள். "என்னடி பண்ணின இவ்வளவு நேரம்?" "முகம் கழுவினேம்மா." அவள் காதில் ஹெட்போன் இருக்கும். மறுமுனையில் யாரோ உடைந்த கண்ணாடிச் சாமானைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு கையால் மகளின் தலையைத் தடவிவிட்டு, "உங்க சிரமம் புரியுதுங்க," என்று அந்த யாருக்கோ சொல்வாள்.

லீவு முடிய நாலைந்து நாள் இருக்கும்போது மாமனார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நேத்து வரைக்கும் போட்டுப் பார்த்தேன். டி-டெஸ்ட்ல நீ ஜெயிச்சாச்சு. மூணு நட்சத்திரம்."

"வாழ்த்து சொல்லக் கூப்பிட்டீங்களா?"

"இல்ல. எங்கயோ இடிக்குது." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்பச் சுத்தமா இருக்கும்மா. மனுஷ உடம்பு இவ்வளவு சுத்தமா நடந்துக்காது. நீ இருந்தா கொஞ்சம் குறையலாம். ஒண்ணுமே வராம இருக்காது. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். எந்த நாள் எந்தக் கணக்குல சேருதுன்னு குழந்தைக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாது. புள்ளியையே அவளை வைக்கச் சொல்லியிருக்கேன். முதல் வருஷப் பையன்கூடப் பண்ண மாட்டான் இதை. இத்தோட நிறுத்திட்டு, அவளுக்குத் தெரியாத மாதிரி வேற விதமா முதல்லேருந்து பார்க்கலாம்."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது.

"மூணு நட்சத்திரம் எனக்கு எதிரா இருந்தப்போ அது வேதவாக்கு. இப்போ என் பக்கம் வந்ததும் இடிக்குதா மாமா? தோக்கற ஆட்டத்தைக் கலைக்கிறது சின்னப் பசங்க வேலை."

"நான் ஆட்டத்துக்காகச் சொல்லலம்மா. குழந்தையை ஒரு தடவை டாக்டர்கிட்ட..."

"கடைசி நாள் வரைக்கும் நடக்கும். அன்னைக்கு சாயங்காலம் உங்க புள்ளையையும் பொண்ணையும் திரையில உக்கார வைங்க. 'நான் சொன்னது தப்பு, அவ இருந்தாதான் குழந்தைக்கு நல்லது'ன்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணா போகலாம்."

முப்பது வருஷம் வகுப்பில் நின்றவருக்குத் தோற்றுப் பழக்கமில்லை. நியாயம் தன் பக்கம் இருந்தும் வாதாடத் தெம்பில்லை. "சரி," என்றார்.

கதவுக்குப் பின்னால் பென்சில் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். ரேடியோ குனிந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்ச நாள்தான்டி செல்லம்," என்று அவளை வாரி அணைத்தாள். குழந்தையின் நெஞ்சு அவள் நெஞ்சில் படபடவென்று அடித்தது. சந்தோஷம் என்று நினைத்தாள்.

கடைசி நாள் பூ விழுந்தது. அவள் கைதட்டினாள். முந்தின ராத்திரி மழை பெய்து, வீடெங்கும் ஈரப் பாசி வாடை. மாமனார் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு அவ பக்கத்துலயே இரும்மா," என்றார்.

"நான் இருக்கறதாலதானே மாமா அவளுக்கு ஒண்ணும் வர்றதில்ல," என்று சிரித்துக்கொண்டே அவள் ஹெட்போனை மாட்டினாள்.

பத்தரை மணிக்கு ஒரு அம்மா லைனில் வந்தாள். மகன் அனுப்பிய சுவர்க் கடிகாரம் சுக்குநூறாக வந்து சேர்ந்திருந்ததாம். அரைமணி நேரமாக விடவில்லை. அவள் தேன் தடவின குரலில் தாலாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது காலில் ஏதோ ஜில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் பெருகிக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான், மாமனார் ஏற்கெனவே அந்தக் கதவைத் தோளால் மோதிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"கதவைத் திறடா கண்ணு! தாத்தாடா! ரேடியோ!"

அவளும் மோதினாள். தாழ்ப்பாள் பிய்ந்து கதவு உள்ளே சாய்ந்தது. குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருக்க, வாளிக்குப் பக்கத்தில் குழந்தை சுவரில் சரிந்து கிடந்தாள். உதடு நீலம். நகம் நீலம். வாயில் கைத்துண்டு ஒன்று உருண்டையாகத் திணிக்கப்பட்டு, அதன் நுனியைக் குழந்தையின் கையே இறுகப் பிடித்திருந்தது.

அவள் துண்டைப் பிடுங்கினாள். மாமனார் பம்பை வைத்தார். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முதல் தடவை பம்ப் குறி தவறிக் காற்றில் அடித்தது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் குழந்தையின் முகத்தை மூடி, மருந்துப் புகை வரும் முகமூடியைப் போட்டார்கள். கையில் ஊசி ஏறியது. அவளைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். நின்ற இடத்திலேயே நின்றாள். கைப்பேசியில் பிரிவுத் தலைவி கூப்பிட்டாள், கணவன் கூப்பிட்டான், நாத்தனார் கூப்பிட்டாள். எதையும் எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். இளம்பெண். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"பிழைச்சுக்கிட்டா. நுரையீரல் ரொம்ப அடிபட்டிருக்கு. இது இன்னைக்கு ஒரு நாள்ல வந்ததில்ல. வாரக்கணக்கா பல தடவை மருந்து எடுக்காம இழுப்பை அப்படியே விட்டிருக்கீங்க. வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

"இருந்தோம்," என்றார் மாமனார்.

"சத்தம்கூடவா கேட்கல?"

உள்ளே போக அனுமதி கிடைத்தது. ரேடியோ தலையணையில் சாய்ந்திருந்தாள். முகமூடி கழுத்துக்கு இறங்கியிருந்தது. கன்னத்தில் அதன் ரப்பர் பதிந்த கோடு. அவள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். தலைமாட்டுக்கு வரத் தைரியம் வரவில்லை.

மாமனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "ஏன்டா கண்ணு தாத்தாவைக் கூப்பிடல?" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

குழந்தை முதலில் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தாத்தாவைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கண் காட்டினாள். அவர் குனிந்தார். ரகசியம் என்றுதான் சொன்னாள். ஆனால் மூச்சு வாங்கி வாங்கி வந்ததில் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா இருக்கிற நாள்ல நான் எப்பவும் சத்தமில்லாம அடக்கிடுவேன் தாத்தா, இன்னைக்குத்தான் முடியல... இந்தப் புள்ளியை மட்டும் அம்மா ஆபீஸ் போன நாள்ல வெச்சிடுங்களேன்."